கமெரா எந்தப் பக்கம் பார்க்கும்?

ஒருவழியாகக் கமெராக்காரன் வந்து சேர்ந்தான்.

வருவான், வருவான் என்று போன கிழமை முழுவதும் கிறேஸ் வாசலைப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம். வவுனியாக் கடைத்தெருவில் சைக்கிள் சாமான் விற்கிற அவளுடைய கடையில், ரோச் லைற் பற்றரிகள் காணாமல்போகத் தொடங்கி இரண்டு மாதமாகிறது. ரயர் போகவில்லை. செயின் போகவில்லை. பற்றரி மட்டும் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது.

வேறு ஊரென்றால் நட்டத்தோடு போகும். இது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வவுனியா. சோதனைச்சாவடிக்கு அங்கால், இயக்கத்தின் பகுதிக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை. "உன் கடைப் பற்றரி எங்கே போனது?" என்று சீருடை போட்டவன் ஒருவன் வந்து கேட்டால், "தெரியாது" என்கிற பதில் அந்த ஊரில் செல்லாக்காசு.

கடைக்குள் புழங்குகிறவர்கள் மூன்றே பேர். கிறேஸ், அவள் புருசன் தோமஸ், தோமஸின் தம்பி வின்சன்.

வின்சன் முல்லைத்தீவிலிருந்து குடலிறக்க ஒப்பரேசனுக்கென்று, வவுனியாவில் தங்க ஆமி தருகிற பாஸ் எடுத்து வந்தவன். புண் ஆறிவிட்டது. ஆனால் திரும்பிப் போகவில்லை. கிழமைக்குக் கிழமை பாஸைப் புதுப்பித்து ஒட்டிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு முறையும் ஊரில் வீடுள்ள ஒருவர் நேரில் போய்ப் பிணைக் கையெழுத்து வைக்கவேண்டும். கடையும் வீடும் கிறேஸின் சீதனம். உறுதி அவள் பெயரில் இருக்கிறது. ஆகவே கையெழுத்தும் அவளுடையதுதான் எடுபடும்.

நாளைக்கு மறுபடியும் அந்த நாள். கள்ளன் யாரென்று தெரியாமல் இனிமேல் பேனை பிடிப்பதில்லை என்று அவள் மனதுக்குள் முடிவெடுத்திருந்தாள். வெளியே சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. வின்சன் இரண்டு நாளாக அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிடவில்லை.

"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்க. கொழும்பால சாமான் வரப் பிந்திட்டு" என்றபடி றம்சீன் பெட்டியை மேசையில் இறக்கினான்.

கிறேஸ் முல்லைத்தீவில் இருந்த காலத்தில், பக்கத்துத் தண்ணீரூற்றில் துணிக்கடை வைத்திருந்த கச்சு முகம்மதுவின் மகன் இவன். அந்தக் குடும்பம் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது காற்சட்டை போட்டுத் திரிந்தவன். புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்து, ரேடியோ திருத்தப் பழகி, இப்போது கமெரா பூட்டுகிறான்.

"வாப்பா சுகமோ?" என்று கேட்டாள் கிறேஸ்.

"இருக்கிறார். உங்கட கடை எண்டதும், 'கரைவலை இழுத்த பொம்புளை, பேரம் பேசி உன்ர தோலை உரிச்சுப்போடும், கவனமா போ' எண்டுதான் அனுப்பினார்."

"உரிக்கிறதுக்கு உன்னில தோலெங்க கிடக்கு? எலும்பெல்லோ தெரியுது. சாமானைக் காட்டு."

றம்சீன் மூன்று விதம் காட்டினான்.

முதலாவது, கமெராவும் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை ரீவீயும். படம் தெரியும், பதியாது. யாராவது முன்னால் குந்தியிருந்து பார்க்கவேண்டும்.

இரண்டாவது, அதோடு ஒரு டெக். கசெற்றில் எல்லாம் பதியும். விலையும் அதற்கேற்றபடி.

மூன்றாவது, வெறும் கூடு. உள்ளே ஒன்றுமில்லை. முன்னால் ஒரு சிவப்பு லைற் மட்டும் மின்னி மின்னி எரியும்.

"இதென்னத்துக்கு?"

"கள்ளனை வெருட்ட."

"வெருளியை வயலில நட்டாலே காகம் அதின்ர தலையில பீச்சிப்போட்டுப் போகுது" என்றாள் கிறேஸ். "டெக் உள்ளதைச் சொல்லு."

அவள் எடுத்த சீட்டுக்காசு ஒரேயொரு கமெராவைத்தான் தாங்கும். அதைச் சொன்னதும் றம்சீன் தலையைச் சொறிந்தான்.

"ஒண்டெண்டா எந்தப் பக்கம் பார்க்கிறதெண்டு இப்பவே சொல்லுங்க. அது தலையைத் திருப்பாது. வைச்ச இடத்தை மட்டும்தான் பார்க்கும்."

அதுவரை மூலையில் நின்று சில்லுக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்த தோமஸ் வாயைத் திறந்தான். "றோட்டுப் பக்கம் வையுங்கோ. கள்ளன் வெளியிலயிருந்துதானே வருவான்."

"ஐயோ அண்ணை, எதிர ஆமிச் சென்றி நிக்கிது. சென்றி படத்தில விழுந்தா கமெராவும் போகும், கடையும் போகும், நானும் போவன். அதோட வாசல் வெளிச்சத்துக்கு எதிர வைச்சா வாறவன் கரிக்கட்டை மாதிரித்தான் தெரிவான். மூக்கு எது, முழி எது எண்டு சொல்லேலாது."

"அப்ப அந்தக் கூடு காணும். சும்மா காசைக் கரியாக்காமல்."

"கூடு வேண்டாம்" என்றாள் கிறேஸ்.

"நான் சொல்லுறதைக் கேளப்பா."

"பற்றரி வாசலுக்குள்ளாலயே போகுது? உள் அறைத் தட்டிலயிருந்து போகுது. தட்டைப் பார்க்கட்டும்."

தோமஸ் கம்பி முறுக்கிய குறட்டைக் கீழே வைத்தான். பிறகு எடுத்தான். அவன் வாயால் ஒரு நாளில் பத்துச் சொல் வந்தால் அதிகம். இன்றைக்கு இவ்வளவு கதைக்கிறானே என்று கிறேஸ் ஒரு கணம் நினைத்தாள். பிறகு அதை விட்டுவிட்டாள். நித்திரை இல்லாத தலை. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது.

காசுமேசைக்குப் பின்னாலிருந்து வின்சன் எழுந்து வந்தான்.

"ஏன் சுத்தி வளைக்கிறியள்? என்ர மூஞ்சைக்கு நேர வையுங்கோவன். இருக்கேக்க, எழும்பேக்க, கொட்டாவி விடேக்க எல்லாம் பதியட்டும்."

"ஆரும் உன்னைச் சொல்லேல்லை" என்றான் தோமஸ், தம்பியைப் பார்க்காமல்.

"சொல்லாட்டி? மூண்டு பேரில அண்ணி தன்னைத்தானே களவெடுக்க மாட்டா. நீ சொந்தக் கடையில கை வைக்க மாட்டாய். மிச்சம் ஆர், அந்தோனியாரோ?"

சுவரில் மாட்டியிருந்த அந்தோனியார் ஒன்றும் சொல்லவில்லை. கிறேஸும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் வின்சனுக்குச் சுட்டது.

"நாளைக்குக் கையெழுத்துக்கு வருவியளோ, மாட்டியளோ? அதை மட்டும் சொல்லுங்கோ அண்ணி."

வெளியாள் முன்னால் கேட்டுவிட்டான். கிறேஸுக்கு மழுப்பத் தெரியாது. விடியற்புறம் கரையில் வலை இழுத்து வளர்ந்த வாய். உள்ளதை உள்ளபடி கொட்டித்தான் பழக்கம்.

"கள்ளன் ஆரெண்டு தெரியட்டும். அதுக்குப் பிறகு பார்ப்பம்."

வின்சன் தலையாட்டினான். சரி என்கிற ஆட்டம் இல்லை அது. தாய் செத்தபோது ஆறு வயதுப் பிள்ளையாக அவள் கையில் வந்தவன். முதல் நன்மைக்கு வெள்ளைக் காற்சட்டை தைத்துப் போட்டு, கோயிலுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனவள் அவள். அந்தப் பிள்ளையும் இப்படித்தான் தலையாட்டும், அழுகையை விழுங்குவதற்கு.

றம்சீன் இதையெல்லாம் கேளாதவன் மாதிரி வயரை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நாளைக்குப் போட்டுப் பாருங்க அக்கா. பின்னேரம் வாறன். பிடிச்சா காசைத் தாங்க, பிடிக்காட்டிக் கழட்டிக்கொண்டு போறன்."

முதலில் படம் எப்படியென்று பார்க்கக் கமெராவைக் காசுமேசைக்கு மேலே கட்டினான். நடு அறையில் ரீவீயையும் டெக்கையும் வைத்து, கசெற்றைத் தள்ளினான். கடையும் அதில் நின்றவர்களும் சாம்பல் நிறமாகப் பெட்டிக்குள் வந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஞானேஸ்வரி கடைக்குள் நுழைந்தாள். சோதனைச்சாவடிக்கு அங்கால் உருத்திரபுரத்துக்காரி. ஒரு நாள் பாஸில் வந்து ஆசுபத்திரி அலுவல் முடித்து, மகனுடைய சைக்கிளுக்கு ரயர் வாங்க நின்றாள். போனமுறை வந்தபோது கிறேஸோடு இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன மனுசி. நடு அறைக் கதவு திறந்து கிடந்தது. ரீவீயில் தன் முகம் தெரிவதைக் கண்டாள்.

கையிலிருந்த ரயர் நழுவி உருண்டு போனது.

"பிள்ளை, இதென்ன?"

"ஒண்டுமில்லையக்கா. கடைக் காவலுக்கு."

"பதியுதே?"

"ஓம்..."

ஞானேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடினாள். "என்ர ராசாத்தி, உதை அழி. நான் இஞ்ச வந்ததை ஒரு பெட்டிக்குள்ள வைச்சிருக்காதை. உள்ளுக்கு எனக்கு ரண்டு பெடியள் இருக்கிறாங்கள். ஆர் எப்ப எடுத்துப் பார்ப்பாங்கள், ஆற்ற முகத்தைப் பார்த்து ஆர் தலையாட்டிக் காட்டிக் குடுப்பாங்கள் எண்டு உனக்குத் தெரியுமே?"

"அழிச்சுப்போடுறம் அக்கா. ரயரைக் கொண்டுபோங்கோ."

"வேண்டாம். பெடியன் றிம்மில ஓடட்டும்."

போய்விட்டாள். றம்சீன் பேசாமல் கசெற்றைப் பின்னுக்குச் சுற்றி, முதலிலிருந்து மேலே பதியவிட்டான். கமெராவைக் கழற்றி உள் அறைக்குக் கொண்டுபோய்ப் பற்றரித் தட்டுக்கு நேரே பூட்டி, தொப்பியைச் சரிசெய்தபடி அதற்குள் எட்டிப் பார்த்தான். தட்டுக்குப் பக்கத்தில்தான் பின்கதவு. கதவின் ஒரு பாதியும் படத்தில் விழுந்தது.

கிறேஸ் உருண்டு கிடந்த ரயரை எடுத்து ஆணியில் மாட்டினாள். கள்ளனைப் பிடிக்க வாங்கிய கண், யாரையெல்லாம் பிடித்துக் கொடுக்கும் என்கிற எண்ணம் அவளுக்கு அப்போதுதான் முதன்முதலாக வந்தது. வந்த எண்ணத்தை உட்கார வைக்க நேரம் இல்லை. மூன்று வாடிக்கை காத்து நின்றது.

மத்தியானம் தெரு அடங்கியது. வெயில் தகரத்தைப் பிடித்து உலுக்கியது. முன்கதவை அரைவாசி சாத்திவிட்டு, கிறேஸ் நடு அறையில் சுளகோடு அமர்ந்தாள். அரிசியில் கல் பொறுக்குவதும் ரீவீயைப் பார்ப்பதுமாக இருந்தாள். ரீவீயில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு தட்டு. தட்டில் பெட்டிகள். கண் செருகியது.

"வின்சன், அந்தச் சில்லைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாத்தியாரிட்டைக் குடுத்திட்டு வா" என்று தோமஸ் முன்னால் சொல்வது கேட்டது. சைக்கிள் ஸ்ராண்ட் தட்டுப்பட்ட சத்தம். பிறகு அமைதி.

அவள் சுளகிலிருந்து தலையை நிமிர்த்தியபோது தட்டுக்கு முன்னால் ஒரு முதுகு நின்றது.

இடுப்பில் சாரம். கையில்லாத பெனியன். இடது தோளில் கொழுக்கி கிழித்த பழைய தழும்பு. முதுகைப் பார்த்து ஆளைச் சொல்ல அவளுக்குப் படம் தேவையில்லை. இருபது வருசம் பக்கத்தில் படுத்த முதுகு.

தோமஸ் இரண்டு பெட்டியை எடுத்தான். கடதாசியில் சுற்றினான். அவசரப்படவில்லை. செய்து பழகிய கை. பின்கதவைத் திறந்தான். திறந்த கதவால் வெயில் குபீரென்று உள்ளே விழ, படத்தின் பாதி வெள்ளையாகப் போனது. அந்த வெள்ளைக்குள் ஒருவன் நின்றான். றம்சீன் சொன்னபடியே கரிக்கட்டை. மூக்குமில்லை, முழியுமில்லை. கறுப்பாக ஒரு கை நீண்டு பொட்டலத்தை வாங்கியது.

கதவு சாத்தப்பட்டது. தோமஸ் திரும்பினான். இப்போது அவன் முகம் முழுவதும் துலக்கமாகத் தெரிந்தது. அழத் தெரியாத ஒரு மனுசன் அழப் பார்க்கிற முகம்.

ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள் ஒன்று உறுமிக்கொண்டு போனது.

கிறேஸ் சுளகை இறக்கி வைத்தாள். கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்கும் ஒரு சீவன் வேண்டுமே. மெல்ல எழுந்து கிணற்றடிக்குப் போனாள். தோமஸ் முகம் கழுவிக்கொண்டு நின்றான்.

"எவ்வளவு நாளா?"

அவன் வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தான். எதை என்று கேட்கவில்லை.

"அவன் வந்த நாளிலயிருந்து."

"எவன்?"

"வின்சன். அவன்ர பேரை ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம் எண்டு உந்த மோட்டார்சைக்கிள்காரன் வந்தான். முல்லைத்தீவில இயக்கத்துக்கு மண்மூட்டை சுமந்தவனாம், பதுங்குகுழி வெட்டினவனாம். அந்தத் தகவல் தன்ர கையில கிடக்காம். வாய் திறக்காமல் இருக்கிறதெண்டால் பற்றரி தா எண்டான்."

"முல்லைத்தீவில மண்மூட்டை சுமக்காதவன் ஆர்? நானும்தான் சுமந்தனான். என்னையும் பிடிச்சுக் குடுக்கச் சொல்லுங்கோ!"

"கத்தாதை கிறேஸ்."

"உவன் ஆர், எவரோட நிக்கிறவன்?"

"தெரியாது. கேட்டுத் தெரிஞ்சு என்ன செய்யப்போறம்?"

"காசாக் குடுத்துத் துலைச்சிருக்கலாமே."

"காசு வேண்டாமாம். உள்ளுக்குக் கொண்டுபோனா ஒரு பற்றரி பத்துப் பற்றரி விலை போகுமாம்."

கிறேஸ் கிணற்றுக்கட்டில் குந்தினாள். கால் இரண்டும் உளைந்தன.

"என்னட்டைச் சொன்னால் என்ன?"

"சொல்லியிருந்தால் நீ அவனை ஒழுங்கையில மறிச்சுச் சண்டை பிடிச்சிருப்பாய்."

அது உண்மை. அவளால் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

"பெடியனை நான் கள்ளன் எண்டு நினைக்கேக்க பார்த்துக்கொண்டு நிண்டியளே. காலமை அந்தப் பெடி என்ர வாயைப் பார்த்துக்கொண்டு நிண்டதே..."

"உயிரோட இருந்து கள்ளன் எண்டு பேர் எடுக்கட்டும் எண்டு விட்டன்" என்றான் தோமஸ். வாளிக் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். "வேற வழி தெரியேல்லை எனக்கு."

கட்டில் இருந்த வாளியிலிருந்து கிணற்றுக்குள் தண்ணீர் சொட்டியது. கிறேஸுக்குக் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாயிருக்கும். களைப்புத்தான் வந்தது.

"முதல்ல அந்தக் கசெற்றை எடுத்துக் குசினி அடுப்புக்க போடவேணும்" என்று எழுந்தாள். "அதில உங்கட மூஞ்சை மட்டும்தான் கிடக்கு. வாங்கினவன்ர முகமே இல்லை. ஆர் பார்த்தாலும் இருட்டுக்குப் பற்றரி குடுத்தவன் நீங்கள்தான்."

நடு அறைக்கு வந்தவள் அப்படியே நின்றாள்.

ரீவீயில் தட்டு தெரிந்தது. தட்டுக்கு முன்னால் யாரும் இல்லை. டெக்கின் வாய் திறந்து கிடந்தது. உள்ளே கசெற் இல்லை.

முன்பக்கத்தில் றம்சீன் தனியாக நின்று, தொப்பியால் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

"வின்சன் எங்கயடா?"

"நான் வரேக்க தம்பி டெக்குக்கு முன்னால இருந்தவர் அக்கா. சுத்திச் சுத்திப் பார்த்தவர். கசெற்றை எடுத்துச் சேட்டுக்குள்ள செருகிப்போட்டுச் சைக்கிளை எடுத்தவர். 'எங்க?' எண்டன். 'குளத்தடிக்கு' எண்டார்." றம்சீன் விசிறுவதை நிறுத்தினான். "'அண்ணியிட்டைச் சொல்லுங்கோ, நான்தான் எடுத்தனான், நான் ஊருக்குப் போறன்' எண்டும் சொன்னார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை அக்கா."

கிறேஸுக்கு எல்லாம் விளங்கியது.

ஏன் எடுத்தான் என்று பெடியனுக்குத் தெரியாது. படத்துக்குச் சத்தம் இல்லை. அவன் கண்டது தமையன் களவெடுப்பதை மட்டும். கண்டுவிட்டு, அந்தப் பழியைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு, கசெற்றைக் குளத்தில் எறியப் போகிறான். குளத்துக்குப் போகிற வழியில் ஆமியின் தடை மரம் இருக்கிறது. தொட்டுத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். பேர் எழுதாத வீடியோக் கசெற்றோடு, நாளைக்கு முடியப்போகிற பாஸோடு, முல்லைத்தீவு விலாசத்தோடு ஒரு இளந்தாரி.

"எந்தக் கமெரா எடுக்கிறியள் அக்கா?" என்று றம்சீன் தொழில் பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"உன்ர கமெராவைக் கழட்டிக்கொண்டு போ, ராசா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அலுமாரியைத் திறந்து அடையாள அட்டையை எடுத்தாள். "நானும் வாறன்" என்று தோமஸ் பின்னால் ஓடி வந்தான்.

"நீங்கள் அங்க வந்தால் படத்தில உள்ள ஆளை நாங்களே கொண்டுபோய்க் குடுத்த மாதிரி. கடையில இருங்கோ."

ஓடவில்லை அவள். அந்தத் தெருவில் ஓடுகிறவளை யாரும் சும்மா விடுவதில்லை. வேகமாக நடந்தாள். செருப்பு வார் அறுந்தது. இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

தடை மரத்தடியில் ஆண்களின் வரிசை குறுகி வந்துகொண்டிருந்தது. வின்சன் முன்னால் நின்றான். கைகளைத் தூக்கியிருந்தான். ஆமிக்காரனுடைய கை அவன் வயிற்றடியில் நின்றது. சேட்டை இழுத்தான். கசெற் வெளியே வந்தது.

"என்ன இது?"

வின்சன் தூக்கிய கைகளை இறக்காமல் நின்றான்.

"என்ன படம்? எங்கே கொண்டு போறது?" ஆமிக்காரன் கசெற்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து மற்றவனைக் கூப்பிட்டான். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். வின்சனைச் சுற்றி வெறும் நிலம் உண்டானது.

அந்த வெறும் நிலத்துக்குள் கிறேஸ் நடந்து போனாள்.

"அது என்ர."

ஆமிக்காரன் திரும்பினான். வெறுங்கால், கையில் செருப்பு, வியர்வையில் ஒட்டிய சட்டை.

"உன்னுடையது?"

"ஓம். என்ர கடைக் கசெற். பெடியனும் என்ரதான். பாஸுக்குக் கையெழுத்து வைச்சது நான். இந்தா ஐசி" என்று அடையாள அட்டையை நீட்டினாள்.

வின்சன் அப்போதுதான் அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆமிக்காரன் அவளுடைய அட்டையையும் வின்சனுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். திருப்பித் தரவில்லை. மேற்சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினான்.

"ஸேர் வரும். டெக் வரும். பார்க்கிறது. ரெண்டு பேரும் உள்ளே இரு."

தகரக் கொட்டிலுக்குள் ஒரு வாங்கு கிடந்தது. அவள் ஒரு நுனியிலும் வின்சன் மறு நுனியிலும் இருந்தார்கள்.

"ஏன் அண்ணி வந்தனீங்கள்?" என்றான் வின்சன். "அதில அண்ணன் நிக்கிறார்."

"தெரியும். மெதுவாக் கதை."

"நான்தான் எடுத்தனான் எண்டு சொல்லிட்டு வந்தனே. அவரை ஒண்டும் கேளாதையுங்கோ. என்ன கஷ்டமோ..."

"உன்னாலதான்ரா விசரா." அவள் முன்னால் பார்த்தபடியே சொன்னாள். "உன்ர பேரை அமத்தி வைக்கத்தான் கொண்ணன் பற்றரி குடுத்தவன். அவனும் கள்ளன் இல்லை. நீயும் கள்ளன் இல்லை. அதோட நிப்பாட்டு. இனிக் கேள்வி கேளாதை."

வின்சன் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அவள் தடவிக்கொடுக்கவில்லை. தூரத்திலிருந்து ஆமிக்காரனின் இரண்டு கண் பார்த்துக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் கையெழுத்துக்கு வருவன்" என்றாள் சற்று நேரம் கழித்து.

"நாளைக்கு நாங்கள் எங்க இருப்பமோ அண்ணி."

"எங்க இருந்தாலும் என்ர கையெழுத்து என்ர கையெழுத்துத்தான். கொஞ்சம் அங்கால அரக்கி இரு, காலை நீட்டவேணும். உயிர் போகுது உளைவு."

வெயில் தாழ்ந்த நேரத்தில் பிக்கப் ஒன்று வந்து நின்றது. ஒருவன் தோளில் ரீவீயைச் சுமந்து வந்தான். இன்னொருவன் டெக்கைக் கக்கத்தில் வைத்திருந்தான். வயர் புழுதியில் இழுபட்டது. பின்னால் இறங்கிய 'ஸேரு'க்கு எல்லோரும் விறைத்து நின்றார்கள். மேசையில் வைத்துக் கொழுவினார்கள். கசெற்றை உள்ளே தள்ளினார்கள்.

ரீவீ இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பார்க்கிறவர்களின் முகத்தை மட்டும்தான் கிறேஸால் பார்க்க முடிந்தது. சாம்பல் வெளிச்சம் ஐந்து முகத்திலும் ஆடியது.

முதலில் சிரித்தார்கள். றம்சீன் கமெராவுக்குள் எட்டிப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்த இடமாக இருக்கவேண்டும். பிறகு ஒருவன் கொட்டாவி விட்டான். தட்டு. வெறும் தட்டு. ஒருவன் நிப்பாட்டக் கை நீட்டினான்.

கடைசியாக இறங்கி வந்தவன் அந்தக் கையைத் தட்டிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தான். வேகமாக ஓடவிடு என்று விரலைச் சுழற்றிக் காட்டினான். டெக் கிறீச்சிட்டது. பிறகு ஒரு இடத்தில் "ஹா" என்று கையை உயர்த்தினான்.

கிறீச்சிடல் நின்றது. அவன் முகம் ரீவீக்குக் கிட்டப் போனது. இன்னும் கிட்டப் போனது.

பிறகு அவன் தலையை நிமிர்த்தி, ரீவீக்கு மேலாகக் கிறேஸைப் பார்த்தான்.

"அம்மா," என்றான் நல்ல தமிழில், "கொஞ்சம் இங்கே வாருங்கள். பெட்டி எடுக்கிற இந்த மனிதர் யார்?"